ஊர் ஊராகச் சிறுவர் நாடகம்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் ஆறு பேர், ஒரு வேன். ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆனதும் கிளம்புவோம். பெரும்பாலும் அரசு தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிகளில்தான் ஆடுகிறோம். கையில் இப்போது ஒரே நாடகம்தான்: வெளியூர் போய்த் திரும்பிய ஓர் ஆமை, தன் குளத்தைக் காணாமல் தேடி அலையும் கதை. கூட வர ஆசைப்படும் கல்லூரிப் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், பள்ளிக்கு அழைக்க நினைக்கும் ஆசிரியர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆறு பேரில் யார் என்ன வேலை செய்வீர்கள்?

நான்கு பேர் நடிப்போம். ஒருவர் பறையும் டோலக்கும் வாசிப்பார். இன்னொருவர் வேன் ஓட்டுவார்; காட்சி நடக்கும்போது அவர்தான் ஆமைக்கு வழி சொல்லும் பனைமரம். மூட்டை தூக்குவது, துணி துவைப்பது, முகமூடிக்குச் சாயம் பூசுவது எல்லாம் எல்லோருக்கும் பொது. நடிக்க மட்டும்தான் வருவேன் என்றால் இந்த வேலை ஒத்துவராது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

ஐந்து மணிக்கு எழுந்திருப்போம். ஆறரைக்குள் வேன் நகர்ந்துவிட வேண்டும். காலைக் காட்சி பத்தே காலுக்குத்தான் என்றாலும், பிரேயர் மணி அடிப்பதற்கு முன்னால் பள்ளிக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பிரேயரில் ஓரமாக நின்று கவனித்தால் அன்றைய கூட்டம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். யார் குரல் ஓங்கிக் கேட்கிறது, எந்த வகுப்பு யாரைப் பார்த்து அடங்குகிறது, எந்தப் பிள்ளை தனியாக நிற்கிறது என்பதையெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் பார்த்துக்கொள்வோம்.

அப்புறம் இடம் பார்ப்போம், மூங்கில் நடுவோம், துணி கட்டுவோம். முக்கால் மணி நேர நாடகம். முடிந்ததும் பிள்ளைகளோடு அரை மணி நேரமாவது இருப்போம். மதியம் இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் இன்னொரு பள்ளியில் இரண்டே காலுக்கு அடுத்த காட்சி. அதோடு சரி, ஒரு நாளைக்கு இரண்டுதான். ஒரு காலத்தில் மூன்று போட்டோம். மூன்றாவது பள்ளியில் வாய் வசனம் சொல்லும், கண் பிள்ளைகளைப் பார்க்காது. தொலைவில் இருக்கிற பள்ளிதான் எப்போதும் மூன்றாவதாக அமையும். பஸ்கூடச் சரியாக வராத ஊருக்கு ஓய்ந்துபோன நாடகத்தைக் கொண்டுபோவது தப்பு என்று பட்டது, நிறுத்திவிட்டோம்.

எங்கள் பள்ளியில் மேடை இல்லை, மைக் செட் இல்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை. மேடை இருந்தாலும் நாங்கள் ஏறுவதில்லை. நான்கு அடி உயரத்தில் நின்றால் முன்வரிசைப் பிள்ளைக்கு எங்கள் கால்தான் தெரியும். எங்களுக்குத் தேவை ஒரு மரம்.

மரத்தடி என்றால் எங்கு வேண்டுமானாலும் உட்கார வைத்துவிட முடியாது. காலையில் நிழல் மேற்கே விழும். பிள்ளைகளை அந்த நிழலில் மேற்குப் பார்த்து உட்கார வைத்து, நாங்கள் அதற்கும் மேற்கே வெயிலில் நிற்போம். சூரியன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், எங்கள் முகத்தில் அடிக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். கண் கூசினால் குழந்தை நாடகம் பார்க்காது, தலையைக் குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். இன்னொன்று, பத்தரைக்கு இருக்கிற நிழல் பதினொன்றுக்கு அதே இடத்தில் இருக்காது, மரத்தை நோக்கிச் சுருங்கும். ஆகவே நாடகம் முடியும்போது நிழல் எங்கே இருக்குமோ அங்கே உட்கார வைக்க வேண்டும். ஆரம்பத்தில் இதைக் கணக்கில் எடுக்காமல், கடைசிக் காட்சியில் ஒரு வரிசை முழுக்க வெயிலில் நெளிந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம்.

அடுத்தது காற்று. ஆடி மாதத்தில் தேனி, கம்பம், தென்காசிப் பக்கம் மேல்காற்று என்ன வேகத்தில் வீசும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். காலைக் காட்சியில் நாங்கள் மேற்கே நிற்பதால் அந்தக் காற்றே எங்கள் குரலைப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மதியம் நிழல் கிழக்கே திரும்பிவிடும், நாங்களும் கிழக்கே போக வேண்டும், அதே காற்று வசனத்தை எங்கள் முகத்திலேயே திருப்பி அடிக்கும். அதனால் ஆடியில் அந்தப் பக்கம் மதியக் காட்சி என்றால் கட்டட மறைவையோ வகுப்பறையையோ கேட்போம்.

எத்தனை பிள்ளைகள் வரை உட்காரலாம்?

மைக் இல்லாமல் இருநூறு. அதற்கு மேல் போனால் கடைசி வரிசைக்கு முகபாவம் தெரியாது. நானூறு பிள்ளைகள் இருக்கும் பள்ளி என்றால் இரண்டு காட்சியாக ஆடுகிறோம், அன்றைக்கு வேறு பள்ளி கிடையாது. இருபது பிள்ளைகளே படிக்கும் பள்ளிக்கும் வருவோம். அங்கே ஆடுவது எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடிக்கும். ஆமை ஒவ்வொரு பிள்ளையிடமும் நேரில் போய் வழி கேட்கலாம்.

சின்னப் பிள்ளைகள் முகமூடியைப் பார்த்துப் பயந்தால்?

பயப்படுவார்கள். அங்கன்வாடிப் பிள்ளைகளும் முதல் வகுப்பும் நிச்சயம் பயப்படும். அதனால் நாங்கள் முகமூடியோடு உள்ளே வருவதே இல்லை. எல்லா முகமூடியும் முதலிலேயே கயிற்றில் தொங்கும். நரியாக நடிப்பவர் சாதாரணச் சட்டையோடு வந்து, பெயர் சொல்லி, சாப்பிட்டீர்களா என்று கேட்டு, பேசிக்கொண்டே பிள்ளைகள் கண் முன்னால் முகமூடியை மாட்டுவார். மாட்டிக் கழற்றுவார், மறுபடி மாட்டுவார். மூன்றாவது தடவைக்குள், "அந்த அண்ணன்தான் நரி" என்று பிள்ளைகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அதற்குப் பிறகும் அவர்களுக்கு அது நரிதான். உள்ளே இருக்கும் அண்ணனும் தெரியும், நரியும் தெரியும், இரண்டும் அவர்களுக்கு ஒன்றாக நிற்கும். பெரியவர்களுக்கு நடித்தபோது இந்த வசதி எனக்குக் கிடைத்ததில்லை.

அப்படியும் ஒரு பிள்ளை அழுதால் ஆசிரியர்கள் அதட்டி உட்கார வைக்க வேண்டாம். பின்னால் தூக்கிக்கொண்டுபோய்த் தூரத்திலிருந்து பார்க்க விடுங்கள். பெரும்பாலும் கால் மணி நேரத்தில் தானே நடந்து முன்னால் வந்துவிடும்.

நடுவில் சத்தம் போட்டால், எழுந்து ஓடிவந்தால்?

அதற்காகத்தான் ஆடுகிறோம். தரையில் கோலமாவால் ஒரு கோடு போடுவோம். "இது கரை, அந்தப் பக்கம் தண்ணீர் இருந்த இடம்" என்று சொன்னால் போதும், யாரும் தாண்ட மாட்டார்கள். தாண்டி வருபவர் ஏதோ காரணத்தோடு வருகிறார், வரட்டும்.

கம்போடு நிற்கும் ஆசிரியர்தான் எங்களுக்குச் சிரமம். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். அவர் நல்ல எண்ணத்தில்தான் நிற்கிறார், ஆனால் பிள்ளைகள் சிரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆசிரியர்களே, தயவுசெய்து பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்காருங்கள். நீங்கள் சிரித்தால் பள்ளியே சிரிக்கும்.

ஒரே நாடகத்தை வருடம் முழுக்க ஆடினால் சலிக்காதா?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை.

ஆமை தேடும் இடத்துக்கு ஊருக்கு ஊர் பெயர் வேறு. தஞ்சாவூர்ப் பக்கம் குளம். செங்கல்பட்டு, காஞ்சிபுரத்தில் ஏரி. மதுரை, சிவகங்கையில் கண்மாய். கொங்குப் பகுதியில் குட்டை. இராமநாதபுரத்தில் குடிதண்ணீருக்கு ஊருணி. அதனால் பள்ளியில் இறங்கியதும் எங்கள் முதல் வேலை, கைக்கு அகப்படும் ஒரு பிள்ளையிடம், "உங்க ஊர்ல தண்ணி நிக்கிற இடத்துக்கு என்ன பேரு?" என்று கேட்பது. அந்தப் பெயரைத்தான் அன்றைக்கு ஆமை சொல்லும். காஞ்சிபுரத்தில் போய்க் கண்மாய் என்றால் பிள்ளைகள் அது வேறு யாருடைய கதையோ என்று கேட்பார்கள். "பெரிய ஏரி எங்கே?" என்று ஆமை கேட்ட மறுநொடி நூறு கை ஒரே பக்கம் நீளும்.

பேச்சும் மாறும். திருநெல்வேலியில் நரி "ஏலே" என்று கூப்பிடும். கோயம்புத்தூரில் "ஏனுங்க" என்று மரியாதையாக வழி மறிக்கும். கிண்டலாகச் செய்தால் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும், முகம் சுருங்கிவிடும். அதனால் முந்தின நாளே டீக்கடையில் உட்கார்ந்து ஊர்ப் பேச்சைக் கேட்போம். சரியாக வராது என்று தோன்றினால் எங்கள் பேச்சிலேயே பேசுவோம்.

ஒரு முறை சிவகங்கை மாவட்டத்தில், "கண்மாய்க்கு வழி எது?" என்று ஆமை கேட்டதும் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "போகாத, அங்க தண்ணி இல்ல, கருவேலந்தான் இருக்கு, கால்ல முள்ளு குத்தும்" என்றான். சீமைக்கருவேலம் மண்டிய கண்மாயைத் தினமும் தாண்டி வருகிற பையன். எங்கள் பிரதியில் அந்த இடத்தில் ஒரு பாட்டு இருந்தது, அதை விட்டுவிட்டோம். ஆமை அவனையே கூட்டிக்கொண்டு நடந்தது. முள் இருக்கும் இடமெல்லாம் அவன் சொல்லச் சொல்ல, இருவரும் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போனார்கள். மற்ற பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பாட்டை எடுத்துவிட்டு, அங்கே பிள்ளைகளிடம் வழி கேட்கும் இடத்தை வைத்திருக்கிறோம்.

எனவே சலிப்பதில்லை. உடம்பு களைத்துப்போகும், அது வேறு.

நாடகத்தில் நீதி, கருத்து எல்லாம் உண்டா?

"தண்ணீரைச் சேமிப்போம் என்று கடைசியில் ஒரு வரி சொல்லிவிடுங்களேன்" என்று பல பள்ளிகளில் கேட்கிறார்கள். சொல்வதில்லை. குளம் காணாமல் போனது பிள்ளைகளுக்குப் புரிகிறது, அந்தத் துக்கமும் புரிகிறது. அதற்கு மேல் ஒரு வாசகத்தை ஒட்டினால், பார்த்தது முழுவதும் பாடமாகிவிடும். பாடம் என்றதும் கை கட்டிக்கொள்வார்கள். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாடகம் முடிந்த பிறகு வகுப்பில் ஆசிரியர் பேசலாம், படம் வரையச் சொல்லலாம். அது நல்லது.

மலை ஊர்களுக்கு வருவீர்களா?

வருவோம். கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. நடிப்பவர்கள் பாதி வழியிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம். மலைக்குப் போகும் நாளில் காலையில் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்வோம், மேலே போய் ஒரு மணி நேரம் காலாற நடந்த பிறகுதான் ஒப்பனை. முதல் முறை இது தெரியாமல், இறங்கியதும் ஆட ஆரம்பித்து, ஆமை பாதியில் வேனுக்குப் பின்னால் ஓடவேண்டியதாயிற்று. ஆமைக்கு உடம்பு சரியில்லை என்று பனைமரம் சமாளித்தது. திரும்பி வந்தபோது ஒரு சிறுமி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

தேயிலைத் தோட்டப் பள்ளிகளில் தமிழோடு வேறு மொழி பேசும் பிள்ளைகளும் இருப்பார்கள். அங்கே வசனத்தைக் குறைத்து உடம்பால் கூடுதலாகச் சொல்வோம்.

மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர மாவட்டங்களைத் தவிர்க்கப் பார்ப்போம். மழை விடுமுறை எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாது. நாங்கள் வந்திருக்கிறோம் என்பதற்காக அவர்கள் பள்ளி திறக்கவும் முடியாது.

ஈரத்தில் பறையின் தோல் தொய்ந்துவிடும். வெளியே வைக்கோலையோ காய்ந்த தென்னை ஓலையையோ கொளுத்தி, தீயில் காட்டிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்போம். கணீர் என்று வந்ததும் உள்ளே ஓடிவர வேண்டும். கால் மணியில் மறுபடி தொய்யும். அடைமழை என்றால் டோலக்தான்.

முகமூடி இன்னும் சிரமம். காகிதக் கூழும் மைதாப் பசையும் சேர்த்துச் செய்தது, ஈரம் பட்டால் நாறும், பூஞ்சை பிடிக்கும். பசை வாசனைக்கு எலியும் வரும். ஒரு பள்ளி வகுப்பறையில் தங்கிய இரவு, பெட்டியை மூடாமல் தூங்கிவிட்டோம். காலையில் நரிக்கு மூக்கு இல்லை. ஒட்டவைக்க நேரமும் இல்லை. அப்படியே மாட்டிக்கொண்டு போனபோது முதல் கேள்வியே "மூக்கு எங்கே?" என்பதுதான். "எலி தின்னுடுச்சு" என்று நரி உண்மையைச் சொன்னது. பிள்ளைகள் அவ்வளவு பரிதாபப்பட்டார்கள், அன்றைக்கு நரியை யாரும் வில்லனாகப் பார்க்கவில்லை. கதை கொஞ்சம் திசைமாறித்தான் போனது. இப்போது முகமூடிகள் எந்த ஊரில் தங்கினாலும் கயிற்றில்தான் தொங்கும்.

சாப்பாடு, தூக்கம், குரல்?

காட்சிக்கு முன்னால் அளவாக. மதியம் பெரும்பாலும் சத்துணவுக்கூடத்தில் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஆனால் முட்டையை நாங்கள் வாங்குவதில்லை, அது பிள்ளைக் கணக்குப்படி வருவது. இரவில் வகுப்பறை, சமுதாயக்கூடம், ஆசிரியர் வீட்டு மாடி என்று எது கிடைக்கிறதோ அது. ஒரு விடுதியில் இரவு பதினோரு மணிக்கு, கூத்தாடிகளுக்கு அறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேனிலேயே படுத்தோம். காலைக் காட்சியை மட்டும் குறைவைக்கவில்லை.

குரலுக்கு: ஐஸ் தண்ணீர் கூடாது. காலையில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்போம். பகலில் பனங்கற்கண்டும் மிளகும். தொண்டை கட்டிய நாளில் கத்துவதைவிட, வசனத்தைக் குறைத்துப் பிள்ளைகளை நெருங்கிப் போய்ப் பேசுவது நல்லது. எங்கள் குழுவில் ஒருவர் பிடிவாதமாகக் கத்தி, பிறகு மூன்று வாரம் வாய் திறக்க முடியவில்லை.

பெண் பிள்ளைகள் வரலாமா? வீட்டில் விட மறுக்கிறார்கள்.

இப்போது எங்களோடு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். வீட்டில் பயப்படுவது நியாயம்தான், அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நாங்கள். ஒருத்தியை மட்டும் தனியாகச் சேர்ப்பதில்லை, குறைந்தது இருவர். தாழ்ப்பாள் உள்ள அறையும் கழிப்பறையும் உறுதியான பிறகுதான் அந்த ஊரில் இரவு தங்குவோம், இல்லாவிட்டால் எவ்வளவு தூரமானாலும் திரும்பிவிடுவோம். மாதவிலக்கு நாளில் பாத்திரத்தை மாற்றிக்கொள்ள எல்லோரும் எல்லா வசனமும் படித்து வைத்திருக்கிறோம். பெற்றோர் முதல் ஒரு வாரம் கூடவே வந்து பார்க்கலாம். ஓர் அம்மா அப்படி வந்து நான்கு நாள் இருந்தார், போகும்போது ஆமை ஓட்டுக்குப் புதுத் துணி தைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

சம்பளம் எவ்வளவு?

மாதச் சம்பளம் கிடையாது, பங்கு. வருகிற பணத்தில் டீசல், சாப்பாடு போக மிச்சத்தை ஏழாகப் பிரிப்போம். ஆறு பங்கு ஆட்களுக்கு, ஏழாவது வேனுக்கு. புதிதாகச் சேர்ந்தவருக்கும் அதே பங்குதான். அரசுப் பள்ளிகளில் பணம் கேட்பதில்லை. தனியார் பள்ளிக் காட்சிகளும் ஊர்க்காரர்கள், முன்னாள் மாணவர்கள் தருவதும்தான் அதைத் தாங்குகின்றன. இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் கோடைப் பயிற்சி முகாம், வேறு வேலை என்று எல்லோரும் ஏதாவது செய்கிறோம். தெரிந்துகொண்டே வாருங்கள்.

எந்த மாதங்களில் அழைக்கலாம்?

ஜூலை, ஆகஸ்ட் நல்லது. பொங்கல் முடிந்து பிப்ரவரி வரையும் நல்லது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் வேண்டாம். நவம்பர் 14 குழந்தைகள் தினத்துக்குத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், எங்களால் இரண்டு பள்ளிக்குத்தான் போக முடியும்.

அந்தக் கால பாய்ஸ் கம்பெனி மாதிரியா?

ஊர் சுற்றுவதில் மட்டும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்கள் நடித்தார்கள், பார்த்தவர்கள் பெரியவர்கள். பின்னாளில் சொந்தமாக நாடகக் குழு நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்று வந்தவர்கள். கம்பெனி வீட்டில் வீட்டு நினைப்போடு வளர்ந்த அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கும். நாங்கள் பெரியவர்கள், சிறுவர்களுக்காக ஆடுகிறோம். இந்த வழியில் எங்களுக்கு முன்னால் நடந்தவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் சிறுவர்களுக்காக நாடகம் எழுதினார். புதுச்சேரியில் வேலு சரவணன் கோமாளியாகப் பள்ளி பள்ளியாகப் போனார்.

சரி, எங்கள் ஊருக்கு வர என்ன செய்ய வேண்டும்?

வட்டாரக் கல்வி அலுவலரிடம் அனுமதி பெறத் தலைமையாசிரியர் ஒரு கடிதம் தர வேண்டும். அதோடு எங்களுக்கு ஒரு தாளில் இவற்றை எழுதி அனுப்புங்கள்: எத்தனை பிள்ளைகள், எந்தெந்த வகுப்பு. நடக்கவோ பார்க்கவோ கேட்கவோ சிரமப்படும் பிள்ளைகள் இருந்தால் அதையும். பள்ளியைத் தாண்டிப் போகும் சாலையில் பஸ் சத்தம் எவ்வளவு. மரம் இருக்கிறதா, கட்டடத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது. உங்கள் ஊரில் தண்ணீர் நிற்கும் இடத்தை என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள் என்பதை மட்டும் எழுத வேண்டாம். அதை வந்து பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்கிறோம்.